சின்ன அறையின் நிர்வாகி

இந்த வீட்டில் ஓர் இடத்திலாவது தன் பேச்சு எடுபட வேண்டும் என்று ஸ்டோர்காரர் தீர்மானம் செய்தார். தீர்மானத்தை மனதுக்குள்தான் செய்தார். வாய்விட்டுச் செய்தால் சமையலறைக்குக் கேட்கும்.

ஸ்டோர்காரர் என்பது அவர் பெயரல்ல, உத்தியோகம். தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் உதிரிபாகக் கிடங்குக்கு அவர் பொறுப்பு. அங்கே அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணி வெளியே போகாது. பொது மேலாளரே வந்து ஒரு வாஷர் கேட்டாலும், "எதுக்கு சார்? பழசு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். எதையும் வாய்விட்டு எண்ணித்தான் கொடுப்பார். மாலையில் சாவிக்கொத்தைக் காவலாளியின் ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பும்போது அவருடைய அதிகாரமும் அதே ஆணியில் தொங்கிவிடும். வீட்டில் நகவெட்டி எந்த டிராயரில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. கேட்டு வாங்க வேண்டும். திருப்பி வைத்தீர்களா என்று அப்புறம் ஒரு விசாரணையும் வரும்.

விதிவிலக்காக இருந்தது சின்ன அறை ஒன்றுதான். கட்டும்போது கொத்தனார் மிச்சமிருந்த செங்கல்லுக்கு ஒரு வேலை கொடுத்தது போன்ற அறை அது. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பழைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் நடக்கவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மச்சினன் வந்து, இருந்ததை எல்லாம் வழித்துவிட்டு லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் போட்டுக் கொடுத்தான். போட்டுவிட்டு விளக்கமும் சொன்னான்.

"மாமா, இதுல ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் அனுமதி இல்லாம இன்னொருத்தர் கை வைக்க முடியாது."

"கையெழுத்து இல்லாம பொருள் வெளிய போகாதுங்கற."

"அதேதான்."

"ஏன் மாப்ள, இப்படி ஒண்ணு இருக்குன்னு இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"இருங்க, இன்னும் இருக்கு. எல்லாருக்கும் மேல ரூட்டுன்னு ஒருத்தர். அவருக்கு யாரோட அனுமதியும் வேண்டாம். எதையும் திறக்கலாம், எதையும் மாத்தலாம், எதையும் அழிக்கலாம். ஏன்னு கேக்க ஆள் கிடையாது."

ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று ஸ்டோர்காரருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

"அவர் யாரு மாப்ள?"

"யாருக்கு அந்த உரிமை குடுத்திருக்கோ அவர் பாஸ்வேர்டு அடிச்சா அவர்தான் ரூட்டு. இந்த மிஷினுக்கு நீங்க."

ஸ்டோர்காரர் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு மாமா. ஏதாவது மாத்தணும்னா அந்த ஒரு வேலைக்கு மட்டும் பாஸ்வேர்டு கேக்கும். அடிங்க, வேலை முடிஞ்சதும் இறங்கிடுங்க. பைல் மேனேஜரையே ரூட்டா திறந்து வெச்சுக்கிட்டு உலாத்தக் கூடாது. அப்படி உலாத்தினா தொட்டதெல்லாம் ரூட்டு பேருக்குப் போயிடும். அப்புறம் உங்க பைலே உங்களை யாருன்னு கேக்கும்."

"சரி சரி" என்றார் ஸ்டோர்காரர். பதவி கிடைத்த நாளில் எச்சரிக்கை காதில் ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

மனைவிக்கும் ஒரு கணக்கு திறந்து கொடுத்தார். அனுமதி எதுவும் இல்லாத சாதாரணக் கணக்கு. "நீ சாதாரண ஆள். நான் நிர்வாகி. தெரிஞ்சுக்கோ" என்று அதைப் பட்டாபிஷேகம் மாதிரி அறிவித்தார். அவளோ, "சாதாரணமா இருந்தா போதுங்க. எனக்குத் துணி வெட்டறதுக்குப் படம் போடணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அவள் தையல்காரி. திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை என்று வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தாள். வேலை சுத்தமாக இருந்ததால் ஆட்கள் தேடி வந்தார்கள். ஆட்கள் வர வர வீடு துணியால் நிரம்பியது. வெட்டுவதற்கு இடமில்லாமல் கட்டிலில் விரித்து வெட்டினாள். ராத்திரி ஸ்டோர்காரர் புரண்டு படுத்தால் குண்டூசி குத்தியது. முதுகைத் தடவிக்கொண்டே அவர் ஊசியைத் திருப்பிக் கொடுப்பார். அவள் வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்வாள்.

பெரிய மேஜை ஒன்று வேண்டும் என்று அவள் முதலில் கேட்டது ஹாலுக்குத்தான்.

"ஜன்னலோரமா போட்டா நல்ல வெளிச்சம் வரும்ங்க."

"ஜன்னலோரத்துல என் சாய்வு நாற்காலி இருக்கு."

"அதைத் தள்ளிப் போட்டுக்கலாம்."

"உயிரே போனாலும் ஹால் கிடையாது. நாலு பேர் வந்து போற இடம். தையல் கடை மாதிரி ஆயிடும்."

"நாலு பேரும் என்கிட்ட தைக்கக் குடுக்கத்தானே வர்றாங்க?"

"பேச்சு முடிஞ்சது" என்றார் ஸ்டோர்காரர். அவள் உண்மையிலேயே முடித்துக்கொண்டாள். அவளிடம் ஜெயித்துப் பழக்கமில்லாததால், இது ஜெயித்ததில் சேர்த்தியா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகம் தீர அதிக நாள் ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை மாலை அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் சின்ன அறையிலிருந்து கூப்பிட்டாள். திரையில் வீட்டின் வரைபடம் இருந்தது. துணிக்குப் போடும் அதே மென்பொருளில் வீட்டையும் வரைந்திருந்தாள். சின்ன அறையில் பெரிய மேஜை, அதன் மேல் தையல் மிஷின். கம்ப்யூட்டர் எங்கே என்று அவர் தேடினார். பின்பக்க நடையில், துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கார்பெண்டர் வர்றார்ங்க."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான். இதோ, இப்பக் கேக்கறேன்ல?"

"நான் துவைக்கிற மிஷின் பக்கத்துலயா உக்காரணும்?"

"அது துவைக்கறப்ப மட்டும் கொஞ்சம் ஆடும்" என்றாள் மனைவி. பிறகு படத்தை மூடிவிட்டு எழுந்தாள். "என் பேர்லயே பத்திரமா வெச்சிருக்கேன். என் பைலை வேற யாரும் தொட முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முதல் வரியில் சொன்ன தீர்மானம் அந்த நிமிஷத்தில் பிறந்ததுதான்.

சனிக்கிழமை மதியம் மனைவி தைத்து முடித்த திரைச்சீலைகளைக் கொடுக்கக் கிளம்பினாள். துணைக்குப் பக்கத்து வீட்டு அக்காவும் போனாள். தெருமுனை திரும்பும் வரை ஸ்டோர்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆளில்லாத வீட்டில் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று கேட்கக் கூடாது. சில வேலைகளுக்குக் கதவு சாத்தினால்தான் கை ஓடும்.

மனைவியின் போல்டரை அழுத்தினார். திறக்கவில்லை. 'இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரிடம் வந்து அனுமதி இல்லை என்கிறது? பொது மேலாளரையே காக்க வைத்த ஆளிடமா?

கட்டளை அடிக்கும் கருப்பு ஜன்னலைத் திறந்தார். மச்சினன் எதைச் செய்யாதே என்றானோ அதை அட்சரம் பிசகாமல் செய்தார். பாஸ்வேர்டு கேட்டது. கிடங்கில் திருகாணி எண்ணுகிற அதே பழக்கத்தில், ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லி அடித்தார். பைல் மேனேஜர் திறந்தது. உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. 'கவனம், நீங்கள் நிர்வாகி உரிமையில் இருக்கிறீர்கள், கணினிக்குச் சேதம் விளைவிக்கலாம்' என்றது பட்டை. அது எச்சரிக்கை. ஸ்டோர்காரர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மனைவியின் போல்டர் சத்தம் போடாமல் திறந்தது. படத்தைத் திறந்து, பெரிய மேஜையைச் சின்ன அறையிலிருந்து முதலில் வெளியே இழுத்தார். எங்கே வைப்பது? படுக்கையறையில் வைத்தார், கட்டில் மேல் ஏறியது. சமையலறையில் வைத்தார், அடுப்பை மறைத்தது. நடையில் வைத்தார், துவைக்கும் மிஷினை இடித்தது. வீடு முழுக்க மேஜையைச் சுமந்து திரிந்த பிறகு, அது பொருந்தியது ஓரிடத்தில்தான். ஹாலில், ஜன்னலோரம், சாய்வு நாற்காலியின் மேல்.

அங்கேதான் அவருக்கு மூளையில் விளக்கு எரிந்தது. மேஜைக்கு ஹாலை விட்டால் இடமே இல்லை. ஹால் கிடையாது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கார்பெண்டர் வந்து படத்தைப் பார்ப்பார். "ஹாலா? முடியவே முடியாது" என்று கார்பெண்டர் முன்னாலேயே ஒரு போடு போட்டால், மேஜைத் திட்டமே படுத்துவிடும். சின்ன அறை தப்பிக்கும். மனைவி ஏதோ கை தவறி மேஜையை நகர்த்திவிட்டதாகத்தான் நினைத்துக்கொள்வாள். தன் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

சேமித்தார். ஏன் என்று கேட்க ஆளில்லை.

அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆனால் சிவப்புப் பட்டையைப் பார்க்கப் பார்க்க எழுந்து போக மனம் வரவில்லை. அப்படியே தன் போல்டருக்கும் போனார். ரேடியோவிலிருந்து பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பழைய பாட்டுகளை, கிடங்கு வழக்கப்படி தட்டு வாரியாக அடுக்கினார். மறைந்திருக்கும் பைல்களையும் காட்டச் சொன்னார். புள்ளி வைத்த பெயர்களில் என்னென்னவோ வந்தன. தூசி மாதிரி தெரிந்ததை இங்கே எடுத்து அங்கே வைத்தார், அங்கே இருந்ததை இங்கே வைத்தார். மனைவி வரும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஹாலில் சாய்வு நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு நாற்காலி வழக்கத்தைவிடச் சுகமாக இருந்தது.

ஞாயிறு காலை கார்பெண்டர் காதில் பென்சிலோடு வந்து சேர்ந்தார்.

"என்னங்க, கம்ப்யூட்டரைத் திறங்க. படத்தை அவருக்குக் காட்டணும்."

"இதோ" என்று துள்ளி எழுந்தார் ஸ்டோர்காரர். அவர் இவ்வளவு வேகமாக எழுந்து மனைவி பார்த்ததில்லை. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

பெயரை அழுத்தினார். பாஸ்வேர்டைச் சொல்லிச் சொல்லி அடித்தார். திரை இருண்டது. ஒரு கண் சிமிட்டலுக்குப் பிறகு மறுபடியும் பெயர் கேட்டு நின்றது. மறுபடி அடித்தார். மறுபடி இருண்டு, மறுபடி நின்றது. வாசல் வரை வரவேற்று, முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது.

"பாஸ்வேர்டு மறந்துடுச்சாங்க?"

"நான் மறப்பேனா? மிஷினுக்குத்தான் உடம்பு சரியில்ல."

"தம்பியைக் கேட்டுடலாம்" என்று அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, மாமா பைல் மேனேஜரை ரூட்டா திறந்தாரான்னு கேளு."

"திறந்தீங்களாங்க?"

"சேச்சே" என்றார் ஸ்டோர்காரர்.

"திறக்கலையாம்டா."

"அப்ப சிக்கல்தான். ஹார்டு டிஸ்க்கே போயிருக்கும். அவர் பாட்டு எல்லாம் சேர்த்து வழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். ரூட்டா திறந்ததனால வந்திருந்தா ஒரே வரியில சரி பண்ணிடலாம். அவர்தான் திறக்கலையே."

கார்பெண்டர் தன் டேப்பை இழுத்தார், விட்டார். அது சுருண்டுபோய் டப்பென்று ஒலித்தது. பல வருஷப் பாட்டு ஒரு பக்கம், சின்ன அறை ஒரு பக்கம். ஸ்டோர்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"லேசா... திறந்தேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"தூசி தட்ட."

"கேட்டுதாடா?" என்றாள் மனைவி போனிடம்.

"கேட்டுச்சு. மிஷின் போட்டுக் குடுத்த அன்னிக்கு நீ ஒரு வரி எழுதிக்கிட்டியே, அதையே அடி, போதும்."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் பெயரில் உள்ளே போனாள். கருப்பு ஜன்னலைத் திறந்து, கணவரின் பெயரைக் கொடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள். ஏற்றுக்கொண்டது. ஒரு வரி அடித்தாள். அவர் போல்டரில் ரூட்டு பேருக்குப் போயிருந்ததெல்லாம் அவர் பேருக்கே திரும்பி வந்தது. தூசி என்று இடம் மாற்றியதையும் பார்த்துப் பார்த்துப் பழைய இடத்தில் வைத்தாள். குழந்தை வைத்த பொம்மைகளை எடுத்து வைப்பது போல வைத்தாள்.

ஸ்டோர்காரர் திரைக்கும் அவள் விரலுக்கும் நடுவே தலையை நீட்டினார்.

"அது என் பாஸ்வேர்டு!"

"ஆமாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"எப்ப சொன்னேன்?"

"எப்பல்லாம் அடிக்கிறீங்களோ அப்பல்லாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணி காயப்போடறப்பவே மனப்பாடம் ஆயிடுச்சாம்."

"போன தடவை அம்மாகிட்ட அளவு கேக்க வந்தப்ப, நீங்க உள்ள அடிச்சது வாசல்ல எனக்கே கேட்டுச்சு சார்" என்றார் கார்பெண்டர். "கடைசியில ஆச்சரியக்குறிதானே?"

தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னபோது பாஸ்வேர்டு கிடையாது. இருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மனைவி வரைபடத்தைத் திறந்தாள். கார்பெண்டர் குனிந்து பார்த்தார்.

"மேஜை ஹால்லயா? ஜன்னலோரமா?"

"நான் சின்ன ரூம்லதான் போட்டிருந்தேன்" என்றாள் மனைவி. "யாரோ மாத்தியிருக்காங்க. இந்தப் பைல் யாருதுன்னு பார்ப்போம். சொந்தக்காரர், ரூட்டு. ரூட்டுன்னா யாருங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. ஸ்டோர்காரர் கத்தவில்லை.

"நேத்தே பார்த்துட்டேன். திருத்தி வைக்கலாம்னா, சேமிக்க உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வந்துடுச்சு. நான் சாதாரண ஆள்தானே. நிர்வாகி போட்ட படத்தை நான் எப்படி மாத்தறது?"

"இல்ல, ஹால்ல வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்கதானே வெச்சீங்க?"

"வெச்சேன். ஆனா வைக்கணும்னு வைக்கல."

"அப்ப எதுக்கு சார் வெச்சீங்க?" என்று கேட்டார் கார்பெண்டர். நியாயமான கேள்வி. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

கலைப்பதற்காகத்தான் வைத்தேன் என்று சொல்ல முடியுமா? ஆப்பை அசைத்த குரங்குக்கும் இதே சங்கடம்தான் இருந்திருக்கும். அதுவும் ஒரு தச்சர் வேலை செய்த இடத்தில்தான் நடந்தது.

"சார் இடம் பார்த்துத்தான் வெச்சிருக்கார்" என்று கார்பெண்டரே அவருக்குக் கை கொடுத்தார். "நல்ல வெளிச்சம். வேற எங்கயும் இந்த மேஜை அடங்காது. சின்ன ரூம்ல போட்டா கதவே திறக்காது. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனேம்மா? அந்தப் படத்துல நீங்க கதவே போடலையே."

ஸ்டோர்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார். மனைவி ஹால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன நிறத்தில் திரை தைக்கலாம் என்று யோசிப்பது போல இருந்தது.

"அன்னிக்கேவா?" என்றார் அவர்.

"சொன்னார்ங்க. எனக்கும் ஹால்தான் வசதி. உங்களைக் கேட்டேன், உயிரே போனாலும் கிடையாதுன்னீங்க. உயிர் போக வேண்டாமேன்னு உங்க கையாலயே மாத்தட்டும்னு விட்டுட்டேன்."

மேஜை அந்த வாரமே வந்தது. ஹால் தையல் கடை மாதிரி ஆயிற்று. நாலு பேர் வந்து, மேஜை வைத்திருக்கிற இடம் பிரமாதம் என்றார்கள். "எல்லாம் அவர் ஏற்பாடு" என்று மனைவி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவரால் மறுக்க முடியவில்லை. சாய்வு நாற்காலி சின்ன அறைக்குப் போனது. அதில் சாய்ந்தால் கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆனாலும் சின்ன அறை அவருக்கே. அதை இனி யாரும் கேட்கப் போவதில்லை. அந்த மட்டில் வெற்றிதான் என்று ஸ்டோர்காரர் தம்மைத் தேற்றிக்கொண்டார். ஒருநாள் மாலை கதவைச் சாத்திக்கொண்டு, புதிதாக ஒரு பாட்டு மென்பொருளை நிறுவப் போனார். ஒரு பெட்டி வந்து நின்றது. நிர்வாகியின் பாஸ்வேர்டு வேண்டுமாம். தன்னுடையதைச் சொல்லிச் சொல்லி அடித்தார். செல்லாது என்றது. பெட்டியை உற்றுப் பார்த்தார். நிர்வாகி என்ற இடத்தில் மனைவியின் பெயர் இருந்தது. மச்சினன் தன் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்த இன்னொரு வரி செய்த வேலை அது.

கதவைத் திறந்து ஹாலைப் பார்த்துக் கூப்பிட்டார். மனைவி கழுத்தில் டேப்போடு வந்தாள். உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க? பழசு என்னாச்சு?"

அவர் காரணம் சொன்னார். அவள் திருப்திப்படும் வரை சொன்னார். பிறகு அவள் குனிந்து பாஸ்வேர்டை அடிக்கத் தொடங்கினாள். ஓர் எழுத்தையாவது வாய்விட்டுச் சொல்வாளா என்று ஸ்டோர்காரர் காதைத் தீட்டினார்.

அவள் குண்டூசிகளை மறுபடியும் உதட்டில் கவ்வியிருந்தாள்.